நேராக உட்காருவது எப்படி

"கதிரையோட நுனியில உட்காராதீங்க. ரெண்டு பாதமும் தரையில படணும். கழுத்த வளைக்காம, கதிரைய மெஷினுக்குக் கிட்ட இழுத்துக்கோங்க."

படித்ததை ஒப்பித்தேன். எனக்காகத் தையல் மெஷின்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருக்காவது முதுகு, தோள் வலிக்குதா? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"எங்களுக்கு முதுகே இல்ல மிஸ்," என்றாள் சர்மிளா. "இருந்தாத்தானே வலிக்கும்!"

சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற மேனேஜர் விமலநாதனும் சிரித்தார். உடனே மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

போன தடவை கை தூக்கியவள் சீதா. "வீட்டில போய் ஆறுதலா இரும் பிள்ளை," என்று விமலநாதன் அவளை அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு வேலைக்குக் கூப்பிடவேயில்லை.

இன்றைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னவர் அவர்தான்.

"வாயால சொல்லமாட்டினம் மிஸ்," என்று என் காதருகே சொன்னார். "பின்னால போய்த் தோளை அமத்திப் பாருங்கோ. நோகிறவை துள்ளுவினம்."

பிசியோதெரபியில் பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். நான் மாட்டேன் என்றால் வேறொருத்தி வருவாள். அவளுக்கு இவர்களில் யாரையும் தெரியாது.

முதல் கதிரையில் இருந்த சர்மிளாவின் தோளில் சும்மா கையை வைத்தேன்.

"அமத்துங்கோ மிஸ்."

அழுத்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஊசியில் ஏற்கெனவே கோத்திருந்த நூலை உருவி மறுபடி கோத்தாள்.

அடுத்த வரிசையில் ராக்கம்மா. ஃபேக்டரிக்குள் எல்லோரையும் போல நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

விமலநாதன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

பெருவிரலை ஊன்றி, என் பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினேன். அவள் அசையவில்லை.

அசையமாட்டாள் என்று தெரியும். அவளுக்கு நோவு வலது தோளில். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், தினமும் அந்த இடத்துக்குத் தைலம் தேய்த்துவிடுகிற மகள் நான். விரல் பட்டாலே அலறுவாள் அம்மா.

நான் அழுத்தியது இடது தோளை.

"இரும்பு மாதிரி மனுசி!" என்று விமலநாதன் மெச்சினார். தட்டிக்கொடுக்கக் கையை ஓங்கினார்.

வலது பக்கம்.