பிகோனியா பக்கத்துல பெரணி

"யாரைக் கேட்டு என் பாத்தியில கை வெச்சீங்க?"

இளையவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த இரண்டு காக்கைகள் இடத்தைக் காலி செய்தன.

ஆபீஸ் பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

பின்பக்கத் தோட்டத்தில், பெரிய மரத்து நிழலில், அவள் ஆசை ஆசையாய் வளர்க்கும் பாத்தி அது. சிவப்பு பிகோனியா, ஊதா கோலியஸ், பிங்க் புள்ளி போட்ட கலேடியம். வருஷா வருஷம் தானாகத் துளிர்த்து வரும். இப்போது அவற்றுக்கு நடுவே புதிது புதிதாய்ப் பச்சை.

"பெரணிதான்டி வெச்சேன்," என்றாள் மூத்தவள், கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே. "செடிக்கு அடியில மொட்டையா கெடந்துச்சு. நீ வந்து பாத்தா சந்தோஷப்படுவேன்னு..."

"இன்னிக்குப் பெரணி வைப்பீங்க. நாளைக்குக் கயிறு கட்டித் துணி காயப்போடுவீங்க. அப்புறம் இந்த இடமே எங்களுதுன்னு சொல்வீங்க!"

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவரும். இளையவள் வருவதற்கு முன்பே மாமனார் வீட்டை இரண்டாகப் பிரித்து, தோட்டத்துக்கும் எல்லைக்கல் நட்டுக் கொடுத்துவிட்டார். அந்தக் கல் எங்கே என்று இந்தப் பத்து வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

"சர்வேயரைக் கூப்பிடுங்க," என்றாள் இளையவள் புருஷனிடம். "அளந்து பாத்து ஒரு சுவரை எழுப்பிடுவோம். அப்பத்தான் எனக்கு நிம்மதி."

புருஷன் பஸ் டிரைவர். எவ்வளவு நெரிசலிலும் வண்டியை நுழைத்துவிடுவார். இந்த இரண்டு பெண்களுக்கு நடுவே மட்டும் நுழைய மாட்டார். சர்வேயருக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை காலை சர்வேயர் வந்தார். நாடாவை எடுப்பதற்கு முன் பாத்தியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அடடா! நிழல்ல இவ்ளோ கலரா? எங்க வீட்டு பால்கனியில வெயிலே விழாது. நானும் பிகோனியா வெச்சேன், எடுபடவே இல்ல."

"பக்கத்துல என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் மூத்தவள்.

"அதுவும் சிவப்புப் பூதான்."

"அப்புறம் எப்படி சார் எடுபடும்? வெளிர்பச்சையா ஒரு செடி வைங்க. வெள்ளைக்கோடு போட்ட இலைன்னா இன்னும் நல்லது, இருட்டு மூலையில விளக்கு ஏத்துன மாதிரி இருக்கும். வேர் ஆழமா போகாத செடியா பாருங்க, ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. இதோ, இந்தக் கலேடியம் குளிர் வந்தா மண்ணுக்குள்ள போய்த் தூங்கிடும். அப்ப இடம் வெறிச்சுன்னு இருக்கும்ல? அதைப் பெரணி மூடிக்கும்."

அளவு குறிக்க வேண்டிய நோட்டில் சர்வேயர் 'பெரணி' என்று எழுதினார்.

"சார், நீங்க இடத்தை அளக்க வந்தீங்களா, செடி பாக்க வந்தீங்களா?" இளையவள் பொரிந்தாள்.

அவசரமாய் நாடாவை இழுத்தார் அவர். வரைபடத்தைப் பார்த்தார், நடந்தார், மறுபடி பார்த்தார். கடைசியில் பாத்தியைத் தாண்டி, இளையவள் வீட்டு ஓரமாய்க் கிடந்த சிமெண்ட் தண்ணித் தொட்டியிடம் போய் நின்றார்.

"கல்லு இதுக்கு அடியிலதான் இருக்கணும். கொஞ்சம் நகர்த்தணுமே."

மூத்தவள் முகம் மாறிவிட்டது.

"அது எதுக்கு சார்? பாரமா இருக்கும். உத்தேசமா அளந்துட்டுப் போங்களேன். பாத்தி அவளுக்கே இருக்கட்டும், அவ சொல்ற இடத்துலயே சுவரை எழுப்பிக்கட்டும்."

"பாத்தீங்களா!" இளையவள் கைதட்டினாள். "தொட்டியைப் போட்டுக் கல்லை மறைச்சிட்டு உத்தேசமாம்! இப்பவே நகர்த்துங்க!"

தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, அண்ணனும் தம்பியும் முக்கி முனகித் தொட்டியைத் தள்ளினார்கள். அடியில் எல்லைக்கல். ஜெயித்த முகத்தோடு இளையவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் மட்டும் என்னவோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வேயர் ஒரு முறைக்கு இரண்டு முறை அளந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, கல்லுக்கு இந்தப் பக்கம் உங்க இடம். பாத்தி அந்தப் பக்கம் இருக்கு."

"அப்படின்னா?"

"பாத்தி மொத்தமும் உங்க அக்கா இடத்துல இருக்கும்மா."

இடுப்பிலிருந்த கை தானாக இறங்கியது. டிரைவர் வானத்தைப் பார்த்தார். நாடாவைச் சுருட்ட சர்வேயருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"அக்கா..." இளையவள் மெல்ல மூத்தவள் பக்கம் திரும்பினாள். "இது உங்களுக்குத் தெரியுமா?"

குட்டு வெளிப்பட்டுவிட்ட மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள் மூத்தவள்.

"கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு பிகோனியாவக் கொண்டாந்து அங்க நட்டே பாரு, அன்னிக்குத்தான் இந்த வீட்டுல நீ முதல் தடவையா சிரிச்சே. அன்னிக்கே நானும் எங்க வீட்டுக்காரருமா தொட்டியை இழுத்துக் கல்லு மேல போட்டுட்டோம். சரி சரி, அழாதே. வந்து அந்தப் பக்கம் பிடி, திரும்ப மூடிடுவோம்!"