தங்கத்தின் மீதான தீர்மானம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், சி பிளாக் மூன்றாவது மாடி வீட்டில் வசிப்போரின் உயிர்ப் பாதுகாப்பை முன்னிட்டு அவசரப் பொதுக்குழு கூடியது.

வந்திருந்தோர் இருவர். கணவர், மனைவி.

சிலந்தி பார்வையாளராகக் கலந்துகொண்டது.

தலைமை, அவர். குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர்.

தொண்டையைச் செருமினார்.

"பொறுப்பான ஒரு முடிவுக்கு வர வேண்டிய நேரம் இது."

அவள் கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறந்து, இடுக்கியில் ஒரு கரப்பானைப் பிடித்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இரு சாமி, அவசரப்படாத."

யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

டாரன்டுலா வகைச் சிலந்தி. விரித்த உள்ளங்கை அளவு. கறுப்பு உடம்பு, கால் முட்டிகளில் செம்பட்டை. ஜெர்மனிக்குப் படிக்கப் போன மகள் மிருதுளா விட்டுச் சென்றது. ஃப்ரெண்டு ஒருவன் வந்து வாங்கிக்கொள்வான் என்றாள். வரவில்லை.

முதல் வாரம் அம்மாக்காரி அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது அதற்குப் பெயர் தங்கம்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவரை அவள் தங்கம் என்றதில்லை. பித்தளை என்றுகூட அழைத்ததில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கரப்பான் விஷயம்தான் அவருக்கு ஆறவில்லை.

முன்பெல்லாம் சமையலறையில் ஒரு மீசை தெரிந்தால் போதும். "ஏனுங்க!" என்று அலறுவாள். அவர் செருப்போடு வருவார். ஒரே போடு. அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விடுவாள். குடும்பத் தலைவர் என்ற பதவியில் அவரிடம் மிச்சமிருந்த ஒரே இலாகா அது.

இப்போது அவளே ஒரு டப்பாவில், முட்டை அட்டைகளுக்கு நடுவே, கரப்பான் வளர்க்கிறாள்.

செருப்பு சும்மா கிடக்கிறது.

அவர் அடுக்கினார். தப்பித்து வெளியே வந்தால்? யாருக்காவது கடி ஒத்துக்கொள்ளாமல் போனால்? எதிர் வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்தால்?

அவள் சண்டை பிடிப்பாள் என்று நினைத்திருந்தார். பதில்கள்கூடத் தயாராக இருந்தன.

"நெசந்தானுங்க," என்றாள். நிஜமாகவே யோசிக்கிற முகம்.

அவர் கடைசி ஆதாரத்தை எடுத்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது.

"சும்மா அந்தப் பக்கம் போனேன். அவ்வளவுதான்."

சும்மா போகவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மூடியைத் திறந்து, மகளின் அடிஸ்கேலால் தங்கத்தைக் குத்தினார். அது கடிக்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, பின்னங்கால்களால் தன் மேல் இருந்த அரிக்கும் சுணை முடியைத் தேய்த்து அவர் மேல் விசிறியது.

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"அய்யோ, கைய இப்புடிக் காட்டுங்க."

குழாயடியில் கழுவினாள். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். செல்லோடேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து, தோலில் ஒட்டி, மெல்ல உரித்தாள். கண்ணுக்குத் தெரியாத சுணை டேப்போடு வந்தது. உரித்த இடத்தில் காலமைன். காலமைன் மேல், வாயால் ஊதல்.

"எரியுதுங்களா?"

எரிந்தது. இல்லை என்று தலையாட்டினார். பிறகு சுதாரித்து, ஆமாம் என்று ஆட்டினார்.

அவள் நெற்றி அவர் மணிக்கட்டுக்கு மிக அருகில் இருந்தது. இவ்வளவு நேரம் அவர் கையை அவள் பிடித்திருந்தது மணமேடையில், கைகோர்த்தபோதுதான். அன்றைக்கும் பெரியவர்கள் சொல்லித்தான்.

அவள் நிமிராமலே பேசினாள்.

"உங்க மேல பட்டது நாளைக்கு அந்தக் கொழந்த கண்ணுல பட்டா பெரிய வம்புங்க. குடுத்தர்லாம். காந்திபுரத்துல நல்லாப் பாத்துக்கறவங்க இருக்கறாங்களாமா. மிருதுளாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். நீங்க சொல்றதுதான் முடிவு."

குரல் சமமாக இருந்தது. டேப்பைத்தான் தேவைக்கு மேல் நீளமாகக் கிழித்தாள்.

வெற்றி. எதிர்ப்பின்றி. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த மேசை காலியாகிவிடும்.

அவர் தன் கையைப் பார்த்தார்.

சுண்டுவிரல் மட்டும் பாக்கி இருந்தது. அதை அவள் பிடித்திருந்தாள்.

தொண்டையைச் செருமினார்.

"வாயில்லா ஜீவன். நம்மை நம்பி வந்தது. பொறுப்பிலிருந்து நழுவுவது முறையல்ல. மூடிக்குக் கொக்கி போடுவோம், அறைக்கதவைச் சாத்தியே வைப்போம். இருந்துவிட்டுப் போகட்டும்."

அவள் நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கேட்டியா தங்கம்?" என்று பெட்டியிடம் ஓடினாள்.

சுண்டுவிரல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

கொக்கி வந்தது. மூடியில் மாட்டியவரும் அவரே.

வார முடிவில் கை முழுக்க ஆறிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தடிப்பு இல்லை. ஒரு சிவப்பு இல்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொக்கியைக் கழற்றினார். சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை வரை உள்ளே விட்டார்.

காத்திருந்தார்.

சிலந்தியும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.