முப்பத்திரண்டும் தெரியாது

முப்பத்திரண்டு கேள்விகளுக்கும் ‘தெரியாது’ என்ற கட்டத்திலேயே டிக் போட்டு நீட்டினேன்.

லக்ஷ்மிநாராயணன் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கிராம செவிலியர்களுக்கு என்னென்ன பயிற்சி தேவை என்று கண்டறிய, செங்கல்பட்டிலிருந்து ஜீப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வருகிறவர். முப்பது வயதுகூட இருக்காது.

“சிஸ்டர், பத்தொன்பது வருஷ சர்வீஸ்னு எழுதியிருக்கீங்க. பி.பி. பார்க்கக்கூடவா தெரியாது?”

“மறந்துட்டன் சார்.”

பொய்தான். போன மாதம் மட்டும் எண்பது பேருக்குப் பார்த்திருக்கிறேன். ஆனால் தெரியாதவர்களைத்தானே பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள்? செங்கல்பட்டில் பதினைந்து நாள், அங்கேயே தங்கி. என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது தொண்ணூற்றிரண்டில். அதற்குப் பிறகு ஏழு வருடமாக, ‘சாராளுக்கு எல்லாம் தெரியும்’ என்று சொல்லிச் சொல்லியே என் பெயரைக் கழித்துவிட்டார்கள். நல்ல பெயர் எடுத்தால் இதுதான் கதி. இந்த முறை நான் விடுவதாக இல்லை.

எங்கே, செய்து காட்டுங்கள் என்று தன் கையையே நீட்டினார். பி.பி. பட்டையைத் தலைகீழாகச் சுற்றினேன். ஸ்டெதாஸ்கோப்பை அவர் முழங்கை எலும்பின்மேல் வைத்து, மேலே இருநூறு என்றேன்.

மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து சந்திரம்மா தன் மருமகள் கவியாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தாள். கவியாவுக்கு எட்டு மாதம்.

“நர்ஸம்மா, காலைலேந்து தலவலி தலவலின்னு அழுதுகினே கீது. மூஞ்சியப் பாரு, எப்டி ஊதிக்கினு கீது.”

பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு லக்ஷ்மிநாராயணனும் ஞாபகம் இல்லை, படிவமும் ஞாபகம் இல்லை.

படுக்கவைத்து, அதே பட்டையை அவள் கையில் சுற்றினேன். நூற்றைம்பதுக்கு நூறு. சிறுநீரைச் சோதனைக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். பால் திரிவதுபோலத் திரிந்தது. கர்ப்பத்தில் வரும் உப்புநீர்தான், சந்தேகமே இல்லை. இன்னும் தாமதித்தால் வலிப்பு வந்துவிடும். சீட்டு எழுதி சந்திரம்மா கையில் திணித்தேன். இருவரையும் வாசலில் நின்ற ஜீப்பில் ஏற்றினேன்.

“அண்ணாத்த, நேரா செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. நடுவுல டீ கீன்னு எங்கயும் நிறுத்தாத” என்று டிரைவரிடம் சொன்னேன்.

ஜீப் கருங்குழி ரோட்டில் திரும்பி மறைந்த பிறகுதான், அது யாருடைய ஜீப் என்பதே உறைத்தது.

மொத்தம் பத்து நிமிடம். அதற்குள் ஒன்பது கேள்விக்காவது என் கை பதில் சொல்லியிருக்கும். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப் திரும்பி வரும்வரை அவர் இங்கேதான் உட்கார வேண்டும். இந்தத் துணை சுகாதார நிலையத்தில் முன்னறை ஆஸ்பத்திரி, பின்னறை என் வீடு. பின்னறைக்குப் போய் டீ போட்டேன். இருந்த ஒரு டம்ளரில் அவருக்கு, எனக்குச் சொம்பில்.

அவர் டீயைக் குடித்தபடி என் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“நான் எதையும் பார்க்கல சிஸ்டர்.”

‘பயிற்சி மிகவும் தேவை’ என்று அடியில் எழுதி, கையெழுத்தும் போட்டார். எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம்போல இருந்தது. எந்தப் பெட்டியை எடுத்துப்போவது, எத்தனை புடவை என்றுகூட மனம் போய்விட்டது.

“எப்ப சார் வரணும்?”

“நீங்க எங்கயும் வர வேணாம். இந்த வருஷத்துலேர்ந்து பாடமெல்லாம் புத்தகமா தபால்ல வந்துடும். இந்த வயசுல உங்களை அலைய வைக்கக் கூடாதுன்னு நான்தான் மேல எழுதிப் போட்டேன். இங்கயே தனியா, நிம்மதியா உக்காந்து படிக்கலாம்.”

எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் சிரித்தார். அந்தச் சிரிப்பின்மேல் சொம்பை விட்டெறியலாமா என்று தோன்றியது.

“அப்ப அந்த ஆஸ்டலு?”

“பூட்டியாச்சு சிஸ்டர்.”

பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரே கூடம் அது. அங்கே என்ன பாடம் நடத்தினார்கள் என்று கேட்டால் எனக்கு ஒரு வரி நினைவில்லை. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த கட்டிலில் இருந்த ராஜம், அச்சிறுபாக்கம் பக்கத்து நர்ஸ், எழுந்து வந்து புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

இந்த வேலைக்கு வந்த பத்தொன்பது வருடத்தில், என்னை ஒருவர் தொட்டுப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.