ரிவர்ஸ் விழாத ஜீப்

கோபிநாத் நான்காவது முறையாக இன்ஜினை அணைய விட்டபோது, பின்னால் மீன் பெட்டி ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்றும், எல்கேஜி பிள்ளைகளை இறக்க வந்த பள்ளி வேன் ஒன்றும் வந்து நின்றுவிட்டன.

ஜீப்பின் மூக்கு எதிர்வீட்டு மதிலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பின்பாகம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்று தள்ளுவதற்கும் இடமில்லை.

ராமதாஸ் மாவுக்கட்டுப் போட்ட இடது கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கவலையைக் காட்டினார். மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து ஐந்து வாரம் ஆகிறது. கியர் போடுகிற கை. மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரமே அவர் மனைவி சொர்ணம், ஜீப்பை விற்றுவிடு என்று ஆரம்பித்தாள்.

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் எதற்கும் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததில்லை. மறுக்க முடியாமல் சரி என்று சொல்லிவிட்டார்.

ஆனால் வாங்க வருகிறவன் ஓட்டிப் பார்க்க வேண்டுமே. அந்த நம்பிக்கையில்தான் இருந்தார்.

அந்த ஜீப்பில் ஃபர்ஸ்ட் கியர் நேராக விழாது. செகண்டை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தால்தான் விழும். செகண்ட் விழும், ஆனால் நிற்காது. முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்டிருந்தால் ராமதாஸ் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

முதலில் வந்தவர் தெருமுனை வரை போய், வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சாவியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது ஆள் சாவியைக்கூட வேறொருவரிடம் கொடுத்தனுப்பினார்.

கோபிநாத் கருவடிக்குப்பத்துக்காரர். தோட்டத்துக்கு ஒரு பழைய ஜீப் வேண்டும் என்று வந்தவர். தேய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை இப்போது முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரிவர்ஸ் எங்கண்ணே இருக்கு?"

"ரிவர்ஸ் விழாது தம்பி" என்றார் ராமதாஸ், இழவு சொல்கிற குரலில்.

அது போய் ஆறு வருஷம். கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் பக்கிரி சொன்னான். ராமதாஸ் பிரிக்க விடவில்லை. அன்றிலிருந்து அவர் பின்னால் போவதையே விட்டுவிட்டார். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் கடற்கரை வரை போய் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவார். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துக்கு அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பார்.

குட்டியானைக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஜீப் ஐந்தாவது முறை அணைந்ததும் வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் "அஞ்சு" என்றார்கள்.

பக்கத்து வீட்டு ஆயம்மா ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். "சொர்ணம், சீக்கிரம் வெளிய வா."

வேடிக்கை பார்க்கக் கூப்பிடுகிறாள் என்று ராமதாஸ் நினைத்தார்.

சொர்ணம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஜீப்பையும் மதிலையும் பார்த்தாள்.

"எறங்குங்க தம்பி."

கோபிநாத் இறங்கினார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். கிளட்சை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தாள். கியர் கம்பியை இரண்டு விரலால் கொஞ்சம் தூக்கித் தன் பக்கம் இழுத்தாள்.

டக்.

ராமதாஸ் ஆறு வருஷமாகக் கேட்காத சத்தம் அது.

ஜீப் பின்னால் போனது. குட்டியானைக்காரர் அவசரமாகத் தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். சொர்ணம் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தபடி ஒரே வளைப்பில் கொண்டுவந்து, சாக்கடையை ஒட்டி நேராக நிறுத்தினாள். குட்டியானை போனது. வேனும் போனது.

தெருவில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. அதுதான் ராமதாஸுக்கு உறைத்தது.

"அதுல ரிவர்ஸ் விழாதே" என்றார்.

"உனக்கு விழாது."

"எப்பலேந்து ஓட்டுற?"

"எட்டு வருஷமா. நீ மத்தியானம் தூங்குறப்ப."

விடியுமுன் துறைமுகத்துக்குப் போய்வருகிற மனுஷன். சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம் வரை இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். டீசல் அதிகமாகக் குடிக்கிறது என்று வருஷக்கணக்காகப் பக்கிரியைத் திட்டி வந்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

"எங்க போவ?"

"எங்கயும் போறதில்ல. சும்மா ஓட்டுவேன்."

கோபிநாத் அவள் பக்கம் குனிந்தார். "அக்கா, அந்த வித்தைய மட்டும் எனக்குச் சொல்லிக்குடுங்க. வண்டிய இன்னைக்கே எடுத்துக்கறேன்."

ராமதாஸ் வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கினார்.

"விக்கல தம்பி" என்றாள் சொர்ணம்.

"நீதான வித்தே ஆவணும்னு நின்ன?" என்றார் ராமதாஸ்.

"கை ஒடஞ்சதுலேந்து நீ எங்க தூங்குற? பகல் பூரா வாசல்லயே குந்தியிருக்க. வண்டி கண்ணு முன்னால நிக்குது, என்னால தொட முடியல. எத்தன நாளுக்குப் பாத்துக்கிட்டே இருக்கறது? அதுக்கு வித்துட்டாலே தேவலைன்னு இருந்திச்சு."

அவள் மறுபடி சாவியைத் திருப்பினாள்.

"இனிமே என்ன, தெரிஞ்சுபோச்சில்ல. ஏறு."

ராமதாஸ் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு, ஸ்டீயரிங் பக்கம் போய் நின்றார்.

சொர்ணம் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்தப் பக்கம்" என்றாள்.