பாப்பம்மாள் வீட்டுப் பொலிகிடா

கறிக்கடை யாக்கோபு படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும், பட்டியில் இருந்த ஆடுகள் எல்லாம் மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. அவன் மேல் வீசும் ரத்த வாடை அவற்றுக்குத் தெரியும். பாப்பம்மாளும் பயந்துபோய் கையிலிருந்த தழைக்கட்டைக் கீழே போட்டாள்.

"பணத்தத் திருப்பிக் கேக்க வந்தியாப்பா? அது அப்பவே செலவாயிட்ச்சே!"

"இன்னா பணம்?"

"போன வாரம் ஓட்டிக்கினு போனியே, அந்த நொண்டி ஆடு. கறி வேகவே இல்லன்னு பிள்ளைப்பாக்கமே உன்ன ஏசுதாமே?"

ஏசத்தான் ஏசினார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஆடி மாசம். ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுகிறார்கள், கடையில் தொங்கவிட ஆடு இல்லை. "இதுக்குப் போயி தண்டத்தீனி போடறியேக்கா" என்று இவளிடம் மல்லுக்கட்டி அதை இழுத்துக்கொண்டு போனவன் அவன்தான். யாரைக் குறை சொல்ல முடியும்?

"அத்த வுடுக்கா. ஒரே எலும்பு. நெஞ்சு மட்டும் பலகையாட்டம் கெடந்திச்சி, பொளக்கறதுக்குள்ள என் கத்தியே மழுங்கிப் போச்சு. நான் காசு கேட்டு வரல. ஒரு பொலிகெடா கேட்டு வந்துக்கிறேன்."

பாப்பம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பொட்டை ஆடுகளைச் சினைப்படுத்த வளர்க்கிற கிடா, அறுக்கிறவனுக்கு எதற்கு?

யாக்கோபு வலது கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் தாமாகவே ஆடின.

"காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரி வரிக்கும் போயி காட்டிட்டேன். இது நிக்காதாம். இனிமே கத்தி புடிச்சா, கடையில என் வெரலுதான் தொங்கும்."

கை ஆட ஆரம்பித்த போன வருஷமே மனைவி ரத்னாவின் கழுத்துச் செயினை விற்று வெள்ளாடுகள் வாங்கிக் கட்டியிருந்தான். ரோட்டோரக் கம்பெனி கேன்டீன்காரர், குட்டி கொழுகொழுவென்று இருந்தால் வாராவாரம் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் தெருவில் சுற்றுகிற கிடாவுக்குப் பிறந்த முதல் ஈத்துக் குட்டிகள் பூனைக்குட்டி மாதிரி இருந்தன. இன்னொரு ஈத்தும் இப்படியே போனால் ஆடும் போச்சு, செயினும் போச்சு. கையும் இல்லாமல் காசும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ரத்னா முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்தப் பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கி ரொம்ப நாளாகிறது.

"ஏன்பா, சந்தையில இல்லாத கெடாவா?"

"சந்தையில வெளிய பாத்து வாங்கணும்க்கா. உன் வூட்டு ஆட்ட நான் உள்ள பாத்தவன்."

அது உண்மை. வருஷக்கணக்கில் இவள் வீட்டுக் குட்டிகளைத்தான் அறுக்கிறான். தோலை உரித்தால் முதுகில் கறி திரண்டு நிற்கும், நெஞ்சு விரிந்திருக்கும், தொடையில் கை வைத்தால் எலும்பு தட்டாது. கருப்பியின் குட்டியானாலும் செவலையின் குட்டியானாலும் அதே வாகுதான். தாய் எதுவாக இருந்தாலும் உடம்பு மாறவில்லை என்றால், அது அப்பன் கொடுத்த உடம்பு.

"அல்லாத்துக்கும் அப்பன் ஒருத்தன்தானக்கா?"

"ஆமா. வேற கெடா எதையும் நான் பட்டிக்குள்ள சேத்ததே இல்ல."

யாக்கோபின் கண் மூலையில் நின்ற கருப்புக் கிடாவின் மேல் விழுந்தது. கிட்டே போய் முன்னால் குந்திப் பார்த்தான். முன்னங்கால்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. முதுகை அமுக்கினான், கல்லு மாதிரி இருந்தது. மனசு துள்ளியது. கடைசியாகப் பின்னங்கால்களுக்கு நடுவே கை விட்டவன், வெடுக்கென்று கையை எடுத்தான்.

"இன்னாக்கா இது, காயடிச்சிட்டியா?"

"நீதானப்பா சொன்ன? காயடிச்சிக் குடுத்தா கறி நாத்தம் அடிக்காது, கூடப் போட்டுத் தரேன்னு. நீ சொன்ன நாள்லேர்ந்து ஒரு கெடாக்குட்டியக்கூட வுட்டு வெக்கல."

சொன்னது அவன்தான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஓடிப்போய், பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். இந்த ஈத்தில் பிறந்தது அத்தனையும் பொட்டை.

வேர்வையைத் துடைத்துக்கொண்டான். மகன்கள் வீணாய்ப் போனால் போகட்டும், அப்பன் இருக்கிறானே என்று நினைத்ததும் உயிர் திரும்பி வந்தது.

"சரிக்கா, போனது போவட்டும். எனக்கு அந்த அப்பனையே குடுத்துடு. வயசானாலும் பரவால்ல. தவிடு கரைச்சி ஊத்தி, வூட்டு மன்சனாட்டம் வெச்சிப் பாத்துக்கறேன். நீ சொல்ற வெல."

பாப்பம்மாள் அவனுடைய ஆடுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா கட்டிக்கிற அவன? காட்டு, கால்லயே வுழறேன்!"

பாப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் நெஞ்சுலதானப்பா உன் கத்தி மழுங்கிச்சி."