ஸ்கேன் வேண்டாம்

"ஸ்கேன் எடுக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? தலையில அடிபட்ட புள்ளைங்க இது!"

நாயிஃப் போட்ட சத்தத்தில் அவசரப் பிரிவே திரும்பிப் பார்த்தது.

இர்பித் நகரக் கடைத்தெருவில் கத்தாயிஃப் சுடுகிறவர் அவர். நோன்பு மாசத்தில்தான் அந்த இனிப்புக்கு ஓட்டம். மூச்சுவிட நேரமில்லாத மதியத்தில், அவருடைய ஆறு வயசு மகன் ராக்கான் ஸ்டூலிலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டான். மாவை அப்படியே போட்டுவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தார்.

"ஒரே ஒரு வாந்தி. மயக்கம் இல்ல. பக்கத்துலயே வெச்சுப் பாப்போம், ராக்கான் வாப்பா. கொஞ்சம் மாறுனாலும் உடனே எடுத்துடலாம்" என்றார் டாக்டர் ருதைனா. குரலில் உயிரே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் அந்தப் பக்கம் வந்தார்.

"ருதைனா! இந்த மாசச் சீட்டு பாத்தியா? யார் எத்தனை ஸ்கேன் எழுதினாங்க, அதுல எத்தனை வீண்னு போட்டிருக்கேன். முந்தியெல்லாம் வீண் ஸ்கேன்ல நீதான் முதல் ஆளு. இப்ப நீதான் கடைசி. சபாஷ்!"

நாயிஃபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி! நீ பேர் வாங்க என் புள்ளை மண்டைதானா கிடைச்சுது?

கொஞ்ச நேரத்தில் அந்தம்மா வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவ்வப்போது எழுந்து வருவார். பையன் கண்ணில் டார்ச் அடிப்பார்.

"உன் பேர் என்ன?"

"இப்பத்தானே சொன்னேன், மறந்துட்டீங்களா? உங்களுக்குத்தான் தலையில அடி!"

அவர் சிரித்தார். நாயிஃப் சிரிக்கவில்லை. பேர் கேட்கிறதுக்கு ஒரு டாக்டரா?

சாயங்காலம் ருதைனாவின் போன் அடித்தது. "நீங்கெல்லாம் நோன்பு திறந்துக்கோங்கடா கண்ணுகளா. உம்மாவுக்காகக் காத்திருக்காதீங்க."

'வேலை நேரத்துல வீட்டுப் பேச்சு வேற' என்று முணுமுணுத்தார் நாயிஃப்.

நோன்பு திறக்கிற நேரத்துப் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் போட்ட பொட்டலங்களோடு ஒருவர் கட்டில் கட்டிலாக வந்தார். ருதைனா குனிந்து பையனைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மாவுக்கும் ஒண்ணு வைக்கவா?"

"அவங்களுக்கு உள்ள விருந்தே இருக்கும். நீங்க போங்க" என்று நாயிஃபே முந்திக்கொண்டு அனுப்பிவிட்டார்.

இரவு இஷா தொழுகை நேரத்துக்கு, வெள்ளைக் கோட்டு போட்ட இன்னொரு டாக்டரை அழைத்து வந்து காட்டினார் ருதைனா. பையனின் கன்னத்தைத் தட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெல்ல வெளியே நடந்தார்.

"பையன் நல்லா இருக்கான். கூட்டிட்டுப் போங்க" என்றார் புது டாக்டர்.

நாயிஃபுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபமும் கூடவே வந்தது.

"நீங்களாச்சும் வந்தீங்களே! அந்தம்மா பொழுதன்னைக்கும் சும்மாவே உக்காந்திருந்தாங்க. இதுக்கா சம்பளம் வாங்கறாங்க?"

டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவங்க ட்யூட்டி அஸர் தொழுகைக்கு முன்னாடி, மதியமே முடிஞ்சிருச்சுங்க. அதுக்கப்புறம் என் ட்யூட்டி. ஸ்கேன் இல்லைன்னா, ஒரு ஆள் பக்கத்துலயே இருந்து பாக்கணும். நான் ஒருத்தன் எத்தனை பேரைப் பாப்பேன்? 'ஒரு ஸ்கேன் எழுதிட்டு வீட்டுக்குப் போங்க'ன்னேன். 'சின்னப் புள்ளை மண்டைக்கு எதுக்கு வீணா கதிர்வீச்சு, வேணாம்னு சொன்னது நான், நானே இருந்துக்கறேன்'னுட்டாங்க."

நாயிஃப் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் போகப் போனவர், திரும்பிக் கேட்டார்.

"ஆமா, நீங்க கூடவே இருந்தீங்களே... அவங்க நோன்பு திறந்தாங்களா?"