கல்லோடு வந்த பிள்ளைகள்

வேப்பம்பூ உதிரும் பங்குனிக் காலையில், மரத்தடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லோடு வந்தார்கள்.

"ஓடிடு! உன்னை அடிக்கத்தான் வர்றாங்க," என்றது அணில்.

ஓணானுக்குக் கல்லடி புதிதல்ல. ஆனாலும் பயத்தில் கால் நகரவில்லை. வேலியிலேயே விறைத்து நின்றது.

பிள்ளைகள் உட்கார்ந்து, அந்தக் கற்களால் செம்மண்ணையும் இலையையும் பூவையும் அரைத்தார்கள். அந்தச் சாயத்தைத் தொட்டு, ஓணானைப் பார்த்துப் பார்த்துப் பாறையில் வரைந்தார்கள்.

"எவ்ளோ நேரம் அசையாம இருந்துச்சு பாரேன்!" என்றாள் ஒரு சிறுமி.

மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஓணான் வேலியேறி, தாடையை உயர்த்தி நின்றது. அணில் பக்கத்தில் வந்து, "மறுபடியும் கல்லோட வர்றாங்க. பயமா இல்லையா?" என்றது.

"கொஞ்சம் தள்ளிப் போ. படத்துல உன் வாலும் வந்துடப் போகுது."